தசம் நான்கு

அட்டவணை சொல்கிறது:
துறைமுகத்தில் ஒரு கோடி ரூபாய் விழுந்தால்
மேல் மாகாணத்தில்
மூன்று தசம் நான்கு பேருக்கு வேலை.

மூன்று பேரை விடுங்கள்.
அவர்களுக்குச் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது.
நான் அந்தத் தசம் நான்கைத் தேடித்தான்
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் இறங்கினேன்.

வெங்காய மூட்டைக்குக் கீழே
இரண்டு கால்கள் நடந்து வந்தன.
மேலே யாரென்று தெரியவில்லை.
"வழி, வழி" என்று உரசிக்கொண்டு போனது மூட்டை.

ஜவாத் காலையில் சுமை,
பின்னேரம் மச்சானின் த்ரீவீல்,
இரவில் கொட்டாஞ்சேனைக் கடையில் கொத்து ரொட்டி.
என் கணக்கில் அவர் மூன்று பேர்.
மாதக் கடைசியில் அவர் வீட்டுக்குக்
கிடைப்பது அரை ஆள்.

தேத்தண்ணி ஊற்றிய ரெஜினா அக்காவிடம்
என்ன தொழில் என்று கேட்டேன்.
"தொழிலா? சும்மாதானே தம்பி இருக்கிறன்"
ஐந்தாவது கேத்தலை அடுப்பில் ஏற்றிக்கொண்டே.

அட்டவணைக்கு வயது பதினாறு.
அது பிறந்த வருடம்
கிரேனுக்குக் கீழே நாற்பது பேர் நின்றார்களாம்.
இப்போது ஒருவர்,
குளிரூட்டிய கூண்டுக்குள்.
குணகம் மட்டும் இன்னும்
அந்த நாற்பது பேருக்கும் சம்பளம் போடுகிறது.

"பிழை எத்தனை வீதம்?" என்றார் பணிப்பாளர்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
"அமைச்சுக்குப் போகிற அறிக்கை.
முழு எண்ணாக்கிவிடுங்கள்."

ஐந்துக்குக் குறைந்த தசமத்தைக்
கீழே விடுவதுதான் விதி.
விட்டேன்.

வெங்காயத் தோலொன்று
கொலரில் ஒட்டியிருந்ததை
வெள்ளவத்தை பஸ்ஸில் பக்கத்து ஆள் சொல்லித்தான் கண்டேன்.