முப்பத்தொன்று திரும்பிப் பார்த்தது

லிவா மணல்மேட்டில்
வேற்றுக்கிரகம் கட்டியிருந்தார்கள்.
நாளுக்கு நூற்றைம்பது திர்ஹம், இரண்டு வேளை பிரியாணி,
வேனில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்கள்.
மதினத் சாயிதில் சாரம் கட்டுகிற நான்
மூன்று வெள்ளிக்கிழமை
பூமியைப் பிடிக்கப் போனேன்.

ரப்பர் உடை. முதுகில் செதில்.
கவசத்துக்குக் கண் உண்டு, வாய் இல்லை.
அந்தக் கிரகத்தில் பேசமாட்டார்களாம்.
என் எண் பதினேழு.

நாற்பது பேர் நின்றோம்.
எந்த ஊர், ஆணா பெண்ணா,
விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது,
ஒன்றும் தெரியவில்லை.
ஐந்தாம் வகுப்பில் படித்த அஃறிணை
எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

ஒலிபெருக்கியில் உதவி இயக்குநர் கத்தினார்:
மனிதர் மாதிரி நடக்காதீர்கள்,
இந்தக் கிரகத்தில் இன்றுதான் வந்து இறங்கிய மாதிரி நடங்கள்.

அதற்கு ஒத்திகையே வேண்டியிருக்கவில்லை.
கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பாஸ்போர்ட்,
கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும்
ஓரடி பின்வாங்கி
அப்புறம் வெளிச்சூட்டில் கால்வைத்த அந்த நடை
நாற்பது பேரிடமும் இருந்தது.
ஒரே டேக்கில் ஓகே.

கவசம் கழற்ற நேரம் தரமாட்டார்கள்.
இருபத்திரண்டு என் முழங்கையைத் தட்டி
ஜெனரேட்டர் வண்டியின் நிழலைக் காட்டியது.
முப்பத்தொன்று ஓர் உறிஞ்சுகுழலைக்
கழுத்து இடுக்கில் நுழைத்து
தன் லபனில் பாதியை எனக்குத் தந்தது.
பதிலுக்கு, முதுகில் சிக்கிய அதன் ஜிப்பை
எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

சாப்பாட்டுக்குக் கவசங்கள் இறங்கின.
இருபத்திரண்டு, பன்னூக்காரர் ஜர்வாலி.
தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்,
பாதி நரைத்த தாடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.
முப்பத்தொன்று, மரிவிக்.
எங்கள் தெருச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள்.
என் சட்டைக் காலரில் பில் நம்பர் குத்துவதே
அவள்தானாம்.
இரண்டு வருஷமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை
அன்றைக்குத்தான்
ஒரு வேற்றுக்கிரகத்தில் பார்த்தேன்.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் எங்களைச் சுடுகிறான்.
ஓடுங்கள், விழுந்ததைப் பார்க்காதீர்கள்,
உங்களுக்கு உணர்ச்சி கிடையாது.
சுடப்படவேண்டியவர் பட்டியலில் நான் இல்லை.
மணல் சறுக்கி நிஜமாகவே விழுந்தேன்.
முப்பத்தொன்று திரும்பியது,
இறங்கி வந்தது,
கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியது.
ஒலிபெருக்கி திட்டியது.
மறுபடி எடுத்தார்கள். அந்தத் தடவை
ஒருவரும் திரும்பவில்லை.

பதினாலு மாசம் கழித்துப் படம் வந்தது.
அதற்குள் மரிவிக் பஹ்ரைனுக்கு மாறியிருந்தாள்.
என் போனில் இன்னமும் முப்பத்தொன்றுதான்.
முசஃபா தியேட்டரில் நானும் ஜர்வாலியும்,
நடுவில் ஒரு பாப்கார்ன்.
எங்கள் கிரகம் முடிவில் ஒன்பது நொடி வந்தது.
அதில் மூன்று நொடி,
வெட்டி எறிந்திருப்பார்கள் என்று நான் நினைத்த டேக்.

பக்கத்து இருக்கைக்காரர் அவர் மொழியில் ஏதோ சொன்னார்.
ச்சு என்றது மட்டும் புரிந்தது.

பெயர்கள் ஏறிக்கொண்டே போயின.
ஒட்டகம் பார்த்துக்கொண்டவர் பெயர்கூட இருந்தது.
விளக்குப் போட்டு, துடைப்பத்தோடு வந்த நேபாளிப் பையன்
கிளம்பச் சொன்னான்.
ஜர்வாலி எழுந்தார். பதில் சொல்லவில்லை.
இரண்டு வரிசைக்கு நடுவே
அந்த நடையை நடந்து காட்டினார்.

துடைப்பம் நின்றது.
காட்சி முடியுமுன் கதவோரம் வந்து நிற்பவன்,
கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும்
முப்பது தடவை பார்த்தவன்.
திரும்பிப் பார்க்குமே, அது யார், என்றான் இந்தியில்.

இந்தியில் அதுவும் அவளும் ஒரே சொல்தான்.
எனக்குத்தான் உறுத்தியது.
போனை எடுத்தேன்.
மனாமாவில் இப்போது மணி பத்தரை.
இஸ்திரிப் பெட்டி ஆறியிருக்கும்.