தொண்ணூறும் தொண்ணூறும்

கோவிலூர் சாலையில் என் பட்டறை.
எதிரே எடைக்கு இரும்பு வாங்கும் கடை.
பழைய கதவு ஏற்றிய லாரிகள்
என் வாசலை மறித்துத்தான் நிற்கும்.
இந்த ஊரில் எதுவும் ஒருமுறையோடு முடிவதில்லை.
தேக்குத் தூண் கொச்சிக்குப் போய் ஓட்டலாகிறது.
எனாமல் தூக்குச்சட்டி விளக்குக்கூடாகிறது.
கப்பலில் வந்த கண்ணாடி
மூன்றாம் கை மாறி
பெங்களூரில் யார் முகத்தையோ காட்டுகிறது.
இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு
வயிரவனிடம் சொல்ல வேண்டியிருந்தது:
கழற்றிய இந்தப் பத்து போல்ட்டையும்
திரும்பப் போட முடியாது.

"மரை தேஞ்சிருச்சா?"
இல்லை.
"துருவா?"
அதுவுமில்லை.
"பின்ன, பளபளன்னுல்ல இருக்கு."

கானாடுகாத்தானுக்கு வரும் விருந்தாளிகளுக்கு
வண்டி ஓட்டுகிறவர்.
திருமயம் தாண்டி ரேடியேட்டர் கொதித்து
எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து
பால் அதிகமான டீ நிறத்தில் வடிய,
கயிறு கட்டி இழுத்து வந்தார்.
நாளை மறுநாள் மதுரை விமான நிலையத்தில்
ஒரு பிரெஞ்சுக் குடும்பம் இறங்குகிறது.
கேஸ்கெட் தயார், ஹெட் சீவி வந்தாயிற்று.
போல்ட் செட் மட்டும் மதுரையிலிருந்து
பஸ் பார்சலில் வர வேண்டும்.
இரண்டாயிரத்து நூறு.

வெர்னியரை எடுத்தேன்.
ஒவ்வொன்றாக அளந்து
சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதினேன்.
ஒன்பது கணக்குக்குள் நின்றன.
ஏழாவது முக்கால் மில்லி நீண்டிருந்தது.
மரைக்குச் சற்று மேலே
இடுப்பு மயிரளவு மெலிந்து.

"அப்ப அது ஒண்ண மட்டும் வாங்குவோம்."

நியாயமான பேச்சு, சந்தையில் என்றால்.
முதலில் டார்க் ரெஞ்சில் நாற்பது.
பிறகு ரெஞ்சில் எண் பார்ப்பதில்லை,
கோணம்தான். கால் வட்டம். இன்னொரு கால் வட்டம்.
அந்தக் கடைசித் திருப்பில்
இரும்பு திரும்பி வர முடியாத இடத்துக்கு நீள்கிறது.
செய்தவனே அதை அங்கே போகச் சொல்லித்தான் செய்தான்.
பத்தும் ஒன்றுபோல் அங்கே போய் நின்றால்தான்
ஹெட் ஒரே சீராய் அமரும்.
ஒருமுறை போய்வந்தது மறுமுறை எவ்வளவு போகும்?
கைக்குத்தான் தெரியும், அதுவும் தாமதமாக:
விறைத்து வரவேண்டிய ரெஞ்சு
பழுத்த சப்போட்டாவில் விரல் வைத்தாற்போல்
மெத்தென்று உள்ளே போகும்.

எல்லாம் கேட்டுவிட்டு
வேப்பமரத்தடியில் நின்ற நீல வண்டியைக் காட்டினார்.
"உங்க வண்டியில எதப் போட்டிருக்கீங்க?"

நான் துணியில் கை துடைத்தேன்.
துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

அது ஒரு ஐப்பசி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம்.
கழற்றிய பத்தையே போட்டேன்.
நாலு வருஷம் ஆகிறது.
ஒரு சொட்டுக் கசியவில்லை.
தேவகோட்டை வரைக்கும் போவேன், திரும்பிவிடுவேன்.
திருச்சியில் மச்சினி வீட்டுக் காதுகுத்துக்கு
குடும்பத்தோடு பஸ்ஸில் போனோம்.
பெட்ரோலில் கஞ்சன் என்று நினைக்கிறாள் தெய்வானை.
நினைத்துக்கொள்ளட்டும்.

இதை அவளிடம் சொன்னதில்லை.
வயிரவனிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. டீக்கடைக்குப் போனார்.
திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல்
செல்போனில் பணம் அனுப்பினார்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
புது பஸ் ஸ்டாண்டில் பார்சல்.
எண்ணெய்த் தாளுக்குள் கறுப்பாய்ப் பத்து.
காலையில் நடுவிலிருந்து தொடங்கி
நத்தைச் சுருளாய் வெளியே வந்தேன்.
ஒவ்வொரு தலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.
நாற்பது. தொண்ணூறு. தொண்ணூறு.
என்னைப் பார்த்திருந்த பத்துப் புள்ளியும்
சுவரைப் பார்த்தன.

பழசை செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டார்.
"கேட்டுக் கொண்டிக்கு ஆகும்ல?"
தாராளமாய் ஆகும்.
ஏழாவதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி போன பிறகு
மதுரைக் கடைக்கு மறுபடி போன் போட்டு
நீல வண்டியின் மாடலைச் சொன்னேன்.
விலை சொன்னான்.
பார்ட்டிகிட்ட கேட்டுட்டு
புதன்கிழமை சொல்றேன் என்றேன்.