ஏழாம் கதவு

மார்கழி பிறந்தால் மன்னார்குடி கிளை நூலகத்தில்
பேய்க்கதை அடுக்குதான் முதலில் காலியாகும்.
ராத்திரி நீளம், பனி வேறு, என்பார் நூலகர்.

எனக்குக் கிடைத்தது அட்டை போன ஒன்று.
மலைமேல் கோட்டை. நாற்பது அறை.
வெளியே வெண்பனி கொட்டிக்கொண்டேயிருக்கிறது.
எங்கள் பனி கொட்டாது.
பாமணியாற்றிலிருந்து எழுந்து
பால் பிடித்த சம்பாவின் மேல் படுத்துக்கொள்ளும்;
விடிந்தால் சைக்கிள் சீட்டைத் துடைக்க வேண்டும்,
அவ்வளவுதான்.

பதினேழாம் பக்க ஓரத்தில் பென்சில்:
"பிணம் கண் திறக்காது.
மூடியவன் சரியாக மூடியிருக்க மாட்டான்."

பெட்டிக்குள் முனகல் கேட்கும் இடத்தில்:
"வயிற்றுக் காற்று. முதல் வாரம் நானும் ஓடினேன்."

கோட்டைக்காரி வெள்ளுடையில் படி இறங்குகிறாள்.
"இவ்வளவு சுத்தமாக யாரும் வந்ததில்லை.
மு. வைரக்கண்ணு, பிணவறை, இரவுப் பணி."

சிரித்துக்கொண்டே படித்தேன்.
கரண்ட் போனது. டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு படித்தேன்.
பேயை எப்போதோ விட்டுவிட்டேன்,
பென்சிலைத் தேடித்தான் பக்கம் புரண்டது.
அறுபதில் டீக்கறை.
எழுபத்தொன்றில்,
"ஐஸ் பெட்டி ரிப்பேர். இங்கே பயம் என்றால் அதுதான்."

தொண்ணூற்றி நாலு.
அடுத்த பக்கத்தில் ஏழாம் கதவு திறக்கப்போகிறது.
எழுத்து சிறுத்திருந்தது:

"பதினொன்றரைக்கு ஒரு பெண்பிள்ளை. வாய்க்கால்.
பள்ளிக்கூட ரிப்பன் அவிழவில்லை.
அப்பன் வெளியே நிற்கிறான், உள்ளே கூப்பிட்டால் வரவில்லை.
என் போர்வையைக் கொடுத்தேன்.
அவளுக்குப் போர்த்தச் சொல்கிறான்.
பனியாம்."

அதன் பிறகு ஓரமெல்லாம் வெள்ளை.
கோட்டை எரிந்தது, ஓநாய்கள் ஊளையிட்டன,
செத்தவர்கள் இஷ்டத்துக்குக் கண் திறந்தார்கள்.
யாரும் திருத்தவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது.
பென்சில் சீவி,
தொண்ணூற்றி நாலின் அடியில் எழுதினேன்:
"அண்ணே, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
உடைந்த நாற்காலிகள், ஒட்டடை.
தாராளமாக மேலே படிக்கலாம்."

நூலகர் தாள்களை எண்ணவில்லை.
தேதி குத்தி, வந்த அடுக்கிலேயே செருகினார்.

தொண்ணூற்றி ஐந்தும் ஆறும்
என் சட்டைப்பையில் இருக்கின்றன,
நாலாக மடித்து.