ஜேபியில் ஒரு நாண்

மே இருபத்தெட்டு, பஹாவ்.
மாலை ஐந்து பதினாறுக்குச்
சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கும்.
அந்த நிமிடம் வெயில் இருக்கிற எந்த ஊரிலும்
நட்ட கோலின் நிழல்
மக்காவுக்கு முதுகு காட்டி விழும்.

தூக்குக்குண்டு கட்டினேன்.
அரைக் கிலோ பித்தளை.
ஆடாமல் நிற்க, பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்து
அதற்குள் இறக்கினார் நத்தர்ஷா.
சூராவ் குழுவின் செயலாளர்;
பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா.
ஒரு கிலோ பிசகினால் தூக்கம் வராது அவருக்கு.

ஐந்து பத்துக்குக் கோலப்பிலா பக்கமிருந்து மேகம்.
ஐந்து பதினாறுக்கு
என் நிழல்கூட எனக்கு இல்லை.

"இனி எப்போது?"
"ஜூலை பதினாறு."
"அதுவரை?"
அதுவரை கணக்கு இருக்கிறது என்றேன்.

சூராவ் ஒருகாலத்தில் தோட்டத்துப் புகைக்கூடம்.
பால்ஷீட் காயக் காற்றைப் பார்த்துக் கட்டியவர்கள்
வேறு எதையும் பார்க்கவில்லை.

இரவு மேசையில் உட்கார்ந்தேன்.
எழுநூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைய,
டமாஸ்கஸ் பள்ளிவாசலில்
நேரம் குறிக்கும் உத்தியோகம் பார்த்த ஒருவர்
இதே கணக்கை உலகத்துக்கே போட்டுவைத்தார்.
தான் போகாத ஊர்களுக்கு,
தன் பெயர் தெரியாத ஊர்களுக்கு,
ஏறக்குறைய மூவாயிரம் விடைகள்.
எங்கள் ஊரைத் தேடினேன்.
அட்சரேகை பத்தாம் பாகையில் தொடங்குகிறது;
நாங்கள் இரண்டே முக்காலில்.
கிழக்கே அறுபதோடு நின்றுவிடுகிறது;
நாங்கள் அறுபத்திரண்டரை.
இரண்டு ஓரமும் தாண்டித் தாளுக்கு வெளியே விழுந்த ஊர்.

பட்டியலில் விடுபடுவது பஹாவுக்குப் புதிதல்ல.
ஆனால் மனிதர் விடையை மட்டுமா எழுதினார்,
வழியையும் அல்லவா விட்டுப்போயிருக்கிறார்.

சைன் பொத்தானை அழுத்துகிறேன்.
இந்தியாவிலிருந்து போன சொல் அது: ஜ்யா, வில்லின் நாண்.
பாக்தாத்தில் பொருளை விட்டு ஒலி மட்டும் இறங்கி
ஜீபா என்று ஆனது.
உயிர்க்குறியை எழுதாத பழக்கம்;
பிறகு வந்தவர்கள் ஜைப் என்று படித்தார்கள்.
ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு, பை.
லத்தீன்காரர்கள் அந்த மடிப்பைத்தான்
மொழிபெயர்த்து எடுத்துப்போனார்கள்.
வில் தொலைந்தது. கணக்கு பிசகவில்லை.

அதே ஜைப் வேறு கப்பல், வேறு சந்தை எல்லாம் சுற்றி
நம் வாயில் ஜேபி ஆயிற்று.
தையற்கடையில், இந்தச் சட்டைக்கு
இரண்டு ஜேபி வையுங்கள் என்றபோது
எனக்குத் தெரியாது,
நான் கேட்டது பாதி முக்கோணம் என்று.

இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு பாகை,
முப்பத்துச் சொச்சம் கலை.
அடிக்கோடு போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே செம்பனை,
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்,
முக்கோணம் முக்கோணமாக
இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஜூலை பதினாறு.
கூரைத் தகரம் சுடும் வெயில்.
ஐந்து இருபத்தெட்டுக்கு
மொஃபிசுல் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நிழல்மேல் சுண்ணக்கட்டியை இழுத்தான்.
போன வாரம் நான் போட்ட கோட்டுக்கும் அதற்கும்
இடைவெளி, சுண்ணக்கட்டியின் கனம்.

சுவர்தான் பதினோரு பாகை பிசகு.
யாரும் பேசவில்லை.
நத்தர்ஷா எடைமேடையில் நிற்பவர்போல
இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டு நின்றார்.
"இடிக்க வேணுமா?"
"சுவர் பாட்டுக்கு இருக்கட்டும்.
நீங்கள் திரும்புங்கள்."

அன்றிரவே கம்பளம் சாய்த்து விரிக்கப்பட்டது.
அறைக்குள் இன்னோர் அறை
குறுக்கே புகுந்து நின்றதுபோல.
தூக்குநூலைச் சுருட்டி ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

மூலைகளில் எதற்கும் உதவாத
முக்கோணங்கள் நாலு மிஞ்சின.
ஒன்றில் சுழல் விசிறியை வைத்திருக்கிறார்கள்.
அந்த அறையில் அது ஒன்றுதான்
எல்லாத் திசைக்கும் தலையாட்டுகிறது.