அச்சம் வார்த்தல்

விசோக்கோவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
பச்சைச் சிலுவை விளக்கு, கண்ணாடிக் கதவு,
அகரவரிசையில் ஆயிரம் பெட்டி.
தூக்கத்துக்கு ஏழு வகை மாத்திரை இருக்கிறது.
ஏழையும் எனக்கே விற்றுப் பார்த்தாயிற்று.

இரண்டு பனிக்காலத்துக்கு முன்
ஒரு புள்ளியைத் தவறவிட்டேன்.
டாக்டர் சீட்டில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
கொசுவின் கால் அளவு வைத்த புள்ளி.
அய்னாவுக்கு வயது நான்கு.
பத்து மடங்கு சொட்டு.
மூன்று நாள் சரயேவோ ஆஸ்பத்திரியில் கிடந்து
பிழைத்துக்கொண்டாள்.
இப்போது பள்ளிக்குப் போகிற வழியில்
கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையசைக்கிறாள்.
அவள் அம்மா என்னை மன்னித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாமே மூன்று முறை:
மாத்திரை, சில்லறை, அணைத்த அடுப்பு.

ஷெஃபிக்கா மாதத்தின் முதல் செவ்வாயில்
ரத்த அழுத்தச் சீட்டோடு வருவாள்.
முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரலால்
என் நடுங்கும் விரலை ஒரு கணம் அமுக்கி,
"வியாழக்கிழமை வா. வெறும் வயிற்றோடு வராதே" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

டயர்க்கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
படி நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு.
(ஏறியது ஒருமுறைதான்.)

அடுப்பில் இரும்புக் கரண்டி.
கரண்டியில், கீழ்க்கடைக்காரன் கொடுத்த ஈயத்துண்டு,
ஓடும் சக்கரம் தள்ளாடாமல் இருக்க
விளிம்பில் அடிக்கிற ஈயம்.
"இந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.
ஜன்னலைத் திற" என்றேன்.
"திறந்தால் உன் பயம்
எதிர்வீட்டு ஹாஸிமுக்குப் போகும்.
அவனுக்கு ஏற்கெனவே வட்டிக்கடன்" என்றாள்.
ஆனாலும் நாலு விரல் திறந்துவிட்டாள்.

சிவப்புக் கம்பளியைத் தலையில் போர்த்தினாள்.
உள்ளே இருட்டு, ஆட்டு மயிர், பழைய சிகரெட்.
கெட்ட சேதியைச் சொல்வார்களே,
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல் என்று,
என் காதுக்கு ஒரு சாண் மேலே அதே ஈயம்.
நடுவில் ஒரு பாத்திரம் தண்ணீர்.
பாத்திரத்தைப் பிடித்திருப்பது அவள் இடக்கை.
அந்தக் கைக்கு நான் கொடுக்கிற மாத்திரை
ஐந்து மில்லிகிராம்.
கூடவோ குறையவோ கொடுத்திருந்தால்?

பிஸ்மில்லா என்று ஒரு முணுமுணுப்பு.
தண்ணீர் அலறியது. நான் அலறவில்லை.

தலைக்கு ஒன்று. நெஞ்சுக்கு ஒன்று.
காலுக்கு ஒன்று.
ஆக இந்த ஊரில்
மூன்று எண்ணுகிறவள் நான் ஒருத்தி இல்லை.

அச்சே இல்லாமல் வார்த்த ஈயம்
எந்த அச்சத்தை எடுத்துக் காட்டும்?
முதல் வார்ப்பு முள்ளும் முடிச்சுமாய்.
மூன்றாவதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்து,
"நாய்" என்றாள். "ஏதோ நாய் துரத்தியிருக்கிறது உன்னை."
எந்த நாயும் துரத்தவில்லை.
தோல் பதனிடும் தெருவின் நாய்கள்
பசித்தால்கூட எழுந்திருக்காது.
சரி, நாய்தான் என்றேன்.
பிறகு பாத்திரத்துக்குள் பார்த்தேன்:
அடியில், எல்லாவற்றிலிருந்தும் விலகி,
உருண்டு கிடந்தது ஒரு புள்ளி.

"அது சிதறல், கணக்கில்லை" என்றாள்.
"அதைக் கொடு" என்றேன்.

அன்றிரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன்.
ஈயத்தாலா, ஏறிய படியாலா,
ஒருத்தி என் தலைக்கு மேலே
கை ஆடாமல் நின்றதாலா,
மருந்துக்கடைக்காரிக்குச் சொல்லத் தெரியவில்லை.
மறுநாள் இரவு ஒரு மணி நேரம்.

செவ்வாய்க்கிழமை, கடையில் யாரும் இல்லாதபோது
புள்ளியைத் தராசில் வைத்தேன்.
பூஜ்யம். புள்ளி. மூன்று கிராம்.
எடுத்து மறுபடி வைத்தேன். அதேதான்.
மூன்றாம் முறை வைக்கும்போது கதவு மணி அடித்தது.

ஷெஃபிக்கா சீட்டை நீட்டினாள்.
எங்களுக்குள் எதுவும் நடக்காதது போல
விலையேறிய உருளைக்கிழங்கைப் பேசினாள்.
மூன்று அட்டை, முப்பது மாத்திரை.
எண்ணினேன். காத்திருந்தாள்.
மறுபடி எண்ணினேன். காத்திருந்தாள்.
பையில் போடப் போனேன்.

"இன்னொரு தடவை எண்ணிக்கொள்" என்றாள்.
"பஸ் வர நேரம் இருக்கிறது."