முப்பத்தொரு சதவீதம்

ஒன்பது குளிர்காலம் பார்த்த போன்.
நான் ஓட்டும் டிராலி பஸ் அதைவிட இரண்டு வயசு இளையது.
முதுகு மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும்.
பேட்டரியை வெளியே எடுக்கலாம், ஊதலாம்,
திரும்ப வைத்து ஒரு தட்டு தட்டலாம்.
இந்தக் காலத்துப் போன் எதுவும்
வயிற்றைத் திறந்து காட்டாது
என்று டிப்போவில் பீற்றிக்கொள்வேன்.

பீற்றல் டிப்போ வாசல் வரைக்கும்தான்.
உலான்பாதரின் மைனஸ் முப்பதில்
அறுபது காட்டும்,
முப்பத்தொன்று காட்டும்,
பிறகு இருட்டு.
முப்பத்தொன்றுக்குக் கீழே அதற்கு எண்ணே தெரியாது.
கடைசி நிறுத்தத்தில் கக்கத்தில் செருகிக்கொள்வேன்.
கண்டக்டர் ஷிஜிர் கேட்பாள்:
'காய்ச்சல் எவ்வளவு அக்கா?'

இடமில்லை, இடமில்லை என்று புலம்பும்.
மகன் பள்ளி முடித்த நாளுக்கு இடம் பண்ண
தங்கையின் கல்யாண விருந்தில் பாதியை அழித்தேன்.
மீதிப் பாதியில்
எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வசந்தத்தில் பேங்க் கைவிட்டது.
'இவ்வளவு பழையதற்கு இனி எங்கள் சேவை இல்லை.'
படித்தபோது
என்னைத்தான் சொல்கிறதோ என்று சுருக்கென்றது.

திரையின் வலது ஓரம்
ஒரு விரல் அகலத்துக்குச் செத்துவிட்டது.
அங்கேதான் இருக்கிறது எங்கள் 'ஸ'.
எங்கள் பேச்சில் 'ஸா' என்றால் சரி.
ஸா என்று தொடங்குவோம், ஸா என்று எழுந்து போவோம்,
கடன் கொடுப்பதும் கல்யாணத்துக்கு ஒப்புவதும்
அந்த ஓரெழுத்தில்தான்.
இரண்டு வருஷமாக நான் யாருக்கும்
எழுத்தில் சரி சொல்லவில்லை.

'ஞாயிறு வண்டி எடுக்கிறாயா?' என்பார் மேலாளர்.
பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும்.
பதில் வராது. வேறு ஆளைப் பிடிப்பார்.
நாத்தனார் ஐந்து ஆட்டுக்குப் பணம் கேட்டாள்.
திரை போச்சு, தாயே, என்று பேசும்போது சொன்னேன்.

போனைப் படுக்க வைத்தால்
'ஸ' கொஞ்சம் உள்ளே நகர்ந்து வரும்.
அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

தொர்லிக்குக்குப் பித்தப்பையில் கல்.
உள்ளே கொண்டுபோகக் காத்திருந்தார்கள்.
வெளியே, காத்திருப்போர் அறையில்,
சுவர் உயரத்தில் ஒரு டிவி
மல்யுத்தத்தைக் கத்திக்கொண்டிருந்தது.
ரிமோட் தொலைந்து மாசம் மூன்று என்றார் காவலாளி,
தன் பிழை இல்லை என்பதுபோல் குல்லாவைச் சரிசெய்தபடி.

என் போனின் உச்சியில் ஒரு கறுப்பு மணி உண்டு,
எள் அளவு.
புதுப் போன்களில் அதை எடுத்துவிட்டார்களாம்.
நீட்டினேன். சத்தத்தை இறக்கினேன்.
பதினெட்டு, ஒன்பது, இரண்டு.
மல்லர்கள் ஊமையாகக் கட்டிப் புரண்டார்கள்.
எதிர் பெஞ்சுக்காரர் எதுவும் சொல்லாமல்
காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை என் கையில் வைத்தார்.

அப்போது அவனிடமிருந்து:
'வீட்டுக்குப் போய்விடாதே. இங்கேயே இரு.'
இருபத்திரண்டு வருஷத்தில்
உப்பைத் தள்ளு என்பதைத் தவிர
எதையும் கேட்காத ஆள்.
போனைப் படுக்க வைத்தேன்.
இரண்டே எழுத்து. அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
முப்பத்தொன்று.
இருட்டு.

கக்கத்தில் வைத்தேன். எழவில்லை.
உள்ளிருந்து கூப்பிட்டால்
இதில்தான் கூப்பிடுவார்கள்.
வைதேன், சன்னமாக,
நாய்க்குட்டியை வைவதுபோல.

எவ்வளவு நேரமோ.
நடைக்கோடியில், இரண்டு கதவுகளுக்கு அப்பால்,
நர்ஸ் ஒருத்தியின் களைத்த குரல்:
'யான்ஜ்மா! தொர்லிக்கின் வீட்டு ஆள்
யான்ஜ்மா இருக்காங்களா?'
அந்த மல்யுத்தம் கத்திக்கொண்டிருந்தால்
எனக்குக் கேட்டிருக்காது.
நல்லபடியாக முடிந்ததாம். மூன்று கல்.

வார்டில் இரவு தங்க விடவில்லை.
அவன் கேட்டதை மீறி வீட்டுக்குப் போய்
போனை சார்ஜில் போட்டுவிட்டு
காலணியோடு தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அவன் தன் போனைத் திருப்பிக் காட்டினான்.
ராத்திரி இரண்டு பத்து. என் பெயர். 'ஸா.'

'கனவில் ஒரு குதிரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.
செம்பட்டைக் குதிரை. ரொம்ப அதிகம் சொன்னான்.
யோசித்துக்கொண்டே கண் விழித்தால்
நீ சரி என்கிறாய்.'

'அப்புறம்?'

'வாங்கிவிட்டேன்.'