மதிப்பீடு: படிக்கட்டுக் கைப்பிடி, பதினேழாவது வார்டு

குன்னூர். நூற்றுப் பன்னிரண்டு படிகள்.
கைப்பிடி போட ஒன்பது லட்சம்.
'பயன் தரும் ஆண்டுகள்' கட்டத்தில்
இருபத்தைந்து என்று எழுதச் சொல்கிறது படிவம்.
மேலே முப்பத்தொரு வீடுகள்;
பத்தொன்பதில் எழுபதைத் தாண்டியவர்கள்,
ஆறில் பூட்டு.

நாளைய ரூபாய் இன்றையதைவிடச் சிறியது,
படித்திருக்கிறேன்.
நாளையே சிறுத்துவிட்டால்
என்ன வட்டி வீதம் போடுவது?

சந்தைக்கு இது முன்பே தெரியும்:
சிலிண்டர் சுமக்கும் தஸ்தகீர்
படிக்கு ஒரு ரூபாய் வாங்குகிறார்,
மழையென்றால் ஒன்றரை.
போன வாரம் அறுபதாம் படியில் இறக்கி வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
'வயசு என்ன பாய்?'
'ஆதார்லயா, முட்டியிலயா?'

பயனாளிகள் பட்டியலில் அவரையும் சேர்த்தேன்.
இறங்கி வந்து பேனாவை எடுத்தால்
உள்ளங்கை முழுக்க
சுவர்ப் பாசி.